அம்பாசமுத்திரத்தில் அவித்த சீர்

பயணச் சீட்டுக்குக் கேட்ட காசை அப்படியே கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் உலகத்தில் உண்டு. நான் அந்த ரகம் இல்லை. டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றதுமே, இதைவிட மலிவாகப் போக ஒரு வழி இருக்கிறது, அது உள்ளே இருக்கும் குமாஸ்தாவுக்குத் தெரியும், என்னிடம் மட்டும் மறைக்கிறார் என்று மனசு அடித்துக்கொள்ளத் தொடங்கிவிடும்.

போன மாசம் என் மருமகன் சிவசைலம் ஆகாய விமானத்தில் கொழும்புக்குப் போக டிக்கெட் வாங்கினான். (அக்காள் மகன். தலை நரைத்துவிட்டது, இன்னும் எனக்குப் பயல்தான்.) வாங்குவதற்கு முன்னால் யோசனை கேட்க என்னிடம் வந்தான். திருச்சியில் ஏறினால் மலிவா, மதராசில் ஏறினால் மலிவா, போகவரச் சேர்த்து வாங்கினால் குறைப்பார்களா, கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துப் போகலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். நான் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. அதற்காக யோசனை சொல்லாமல் இருக்க முடியுமா? எல்லாவற்றுக்கும் சொன்னேன். கடைசியில், “மூட்டைக்குத் தனியா நிறுத்துக் காசு வாங்குதானாம் மாமா” என்று சொல்லிவிட்டு, தன் இடது காதைத் தொட்டுக்கொண்டு சிரித்தான்.

அந்தக் காதில் ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. நன்றாக மேலே ஏறி இருக்கும். நான் ரயிலில் லக்கேஜ் கூலி மிச்சம் பிடித்ததால் வந்த வினை அது.

அப்போது எனக்கு மீசை சரியாக அரும்பவில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த உறவு தீர்ந்திருந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் பஞ்சுப் பொதிகளுக்கு மையால் குறி போடும் வேலை. அதற்கு முன்னால் கொழும்பில் ஒரு ரொட்டிக் கடையில் மாவு பிசைந்தேன். கொழும்புக்குப் போனதுகூடக் கப்பலில் ஏற்றிய ஆடுகளுக்குத் தழை போடுகிறவனாக, கப்பலுக்குக் காசு கொடுக்காமல்தான். மதுரையில் சில மாசம் சத்திரத்துக் கிணற்றில் தண்ணீர் இறைத்தேன். வேலை இல்லாத நாளில் ஸ்டேஷன் பெஞ்சில் படுத்துக்கொள்வேன். பசி வந்தால் குழாயடிக்குப் போவேன். இதெல்லாம் கஷ்டம் என்று பிற்காலத்தில் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஒரு ஊருக்கு எல்லோரும் கொடுத்த காசைவிடக் குறைவாகக் கொடுத்துப் போய் இறங்கினால் அன்று எனக்குத் தீபாவளி.

அக்காள் கோமதியை ஆழ்வார்குறிச்சியில் கட்டிக்கொடுத்திருந்தது. எங்களுக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. பிறந்த வீடு என்று அவளுக்கு இருந்ததெல்லாம் நான் ஒருத்தன்தான். அந்த வீடு எந்த ஊரில் இருக்கிறது என்று அவளுக்கே பாதி நாள் தெரியாது. “ஒந்தம்பி இப்ப எந்தக் கப்பல்ல இருக்கான்?” என்று அவள் மாமியார் சாப்பாடு பரிமாறும்போதெல்லாம் கேட்பாளாம்.

அவளுக்கு முதல் பிள்ளை பிறந்து காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமியார் அதற்கும் மாற்று ஏற்பாடு வைத்திருந்தாள். எங்கள் சித்தப்பா மகன் சங்கரலிங்கம் அண்ணாச்சி அம்பாசமுத்திரத்தில் ஜவுளிக் கடை வைத்திருந்தார். அவரும் பிள்ளைக்கு மாமன் முறைதான். நான் வராவிட்டால் அவர் மடி இருக்கிறது என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். அக்காள் ஒரு வண்டிக்காரரிடம் எனக்குச் சேதி சொல்லி அனுப்பினாள். அவர் அதை அவள் குரலிலேயே என்னிடம் ஒப்பித்தார்:

“நீ வந்து உக்காராம எம்பிள்ளைக்குக் காது குத்துனா, எனக்குப் பொறந்த வீடு இல்லன்னு நெனச்சுக்கிடுதேன். வேற ஒண்ணுஞ் சொல்லல.”

கங்காணியிடம் முன்பணம் வாங்கினேன். அக்காளுக்கு அரக்குச் சிவப்பில் ஒரு பட்டுச் சேலை, அத்தானுக்கும் அவர் தகப்பனாருக்கும் வேட்டி துண்டு, பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை, வெல்வெட்டுக் குல்லா, வெள்ளி அரைஞாண், கடுக்கன், சந்தனத்துக்கு ஒரு வெண்கலக் கிண்ணம். மாமியார் வாயை அடைக்க உடன்குடிச் சில்லுக்கருப்பட்டி, சுக்கு போட்டது. மூட்டை கட்டிப் பார்த்தால் அது என்னைவிடக் கனம். ஸ்டேஷனில் தராசில் போட்டு நிறுத்தால் தனிக் காசு கேட்பார்கள்.

அந்தக் காசைக் கொடுத்திருக்கலாம். கையில் இருந்தது. எனக்குத்தான் வேறு யோசனை தோன்றியது. மூட்டையை நிறுக்கிறார்களே, ஆளை நிறுக்கிறார்களா?

கூட வேலை பார்த்த காதர் மைதீன், மேலப்பாளையத்துக்காரன், உடுத்திவிட ஒத்தாசை செய்தான். முதலில் பட்டுச் சேலையை வயிற்றில் சுற்றினோம். அதன்மேல் வேட்டிகள், அதன்மேல் துண்டுகள், எல்லாவற்றுக்கும் மேலே என் சட்டை, இரவல் கோட்டு. அரைஞாணை மேல்கையில் முறுக்கிக்கொண்டேன். கடுக்கனைக் குல்லாவுக்குள் முடிந்து, குல்லாவையும் பிள்ளைச் சட்டையையும் கிண்ணத்துக்குள் திணித்து, கிண்ணத்தைக் குடுமிமேல் கவிழ்த்துத் தலைப்பாகை கட்டியாயிற்று. கருப்பட்டிக்கு இரண்டு துணிப்பை. கயிற்றில் கோத்து, சட்டைக்குள்ளேயே தோளில் மாட்டி, பக்கத்துக்கு ஒன்றாக அக்குளில் இடுக்கிக்கொண்டேன். மாசமோ சித்திரை.

காதர் தள்ளி நின்று மேலும் கீழும் பார்த்தான். “எங்க ஆளுவ செத்த மய்யித்துக்கே மூணு துணிதான் வே சுத்துவோம். நீரு உசுரோட ஆறு சுத்தியிருக்கீரு.”

“வேகமா நடந்தா தெரியாது” என்றேன்.

“நடக்க முடியுமான்னு மொதல்ல பாரும்.”

அவன் ஊருக்குப் போகிறவன்தான். திருநெல்வேலிப் பாலம் ஸ்டேஷன் வரை துணைக்கு வந்தான். லக்கேஜ் குமாஸ்தா என் வெறுங்கையைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், மரியாதையாக வழி விட்டார். வண்டிக்குள் அதைவிட ஆச்சரியம் நடந்தது. மூன்றாம் வகுப்புக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “அண்ணாச்சி, இங்கன உக்காருங்க” என்றார். பிறந்ததிலிருந்து என்னை ஒருவரும் அண்ணாச்சி என்று கூப்பிட்டதில்லை. காசுள்ளவன் எல்லாம் ஏன் தொப்பை வளர்க்கிறான் என்பது அன்றைக்குத்தான் விளங்கிற்று.

மணியாச்சி தாண்டியதும் உள்ளே புழுங்க ஆரம்பித்தது. பாலம் ஸ்டேஷனில் காதர் இறங்கும்போது, “ஒண்ண ரெண்டக் கழத்திரும் வே, மொகம் செவந்துட்டு” என்றான். நான் கேட்கவில்லை. கழற்றினால் அது மூட்டையாகிவிடும், மூட்டைக்குக் காசு. சேரன்மாதேவி வரும்போது எறும்புகள் கருப்பட்டியைக் கண்டுபிடித்துவிட்டன. கடித்த இடத்தில் சொறியக் கையைத் தூக்கினால் பை நழுவும். எனவே, பக்கத்தில் இருந்தவரிடம் மழை வருமா என்று பேசிக்கொண்டே உள்ளுக்குள் துடித்தேன்.

அது பிளேக் காலம். கொல்லத்துக்குப் போகிற வண்டி என்பதால் எல்லை தாண்டுவதற்கு முன்னால் எங்காவது நிறுத்தி வைத்திய பரிசோதனை செய்வார்கள். அன்றைக்கு அம்பாசமுத்திரம். எல்லோரையும் இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். உடம்பு சுடுகிறதா, அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா, இரண்டைத்தான் பார்ப்பார்கள்.

இரண்டுமே என்னிடம் இருந்தன.

டாக்டர் என் கழுத்தில் கை வைத்தார், உடனே எடுத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் புடைத்திருந்ததைப் பார்த்தார். கண் சிவந்து, வேர்த்து ஊற்றி, கால் தள்ளாடி நின்றேன். என்ன செய்கிறது என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், நாக்கு ஒட்டிக்கொண்டது. கம்பவுண்டர் சட்டைக்குள் கைவிட்டு, உஷ்ணம் பார்க்கும் கண்ணாடிக் குச்சியை அக்குளில் செருகினார். கொஞ்ச நேரம் கழித்து இழுத்தார். வரவில்லை. கருப்பட்டி உருகி அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது. பலமாக இழுத்தபோது குச்சியோடு கரேல் என்று ஒரு குழம்பு வழிந்து என் இடுப்பு வரை இறங்கிற்று. கம்பவுண்டர் தண்டவாளம் வரை பின்னால் போய்விட்டார்.

“எல்லாத்தையும் அவுரும்” என்று டாக்டர் தூரத்திலிருந்து சொன்னார்.

அவிழ்த்தேன். தலைப்பாகையை எடுத்ததும் கிண்ணம் விழுந்து கணகணவென்று பிளாட்பாரம் முழுக்க உருண்டது. அந்தச் சத்தத்தில், பரிசோதனை முடிந்து வண்டிக்குள் ஏறியிருந்தவர்களும் எட்டிப் பார்க்க வந்துவிட்டார்கள். கோட்டு, சட்டை, துண்டு, துண்டு, வேட்டி, வேட்டி என்று வந்துகொண்டே இருந்தது. சேலைத் தலைப்பு தெரிந்தபோது ஒரு பெண்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுற்றிய சேலையை ஆள் சுற்றித்தானே எடுக்க வேண்டும், பம்பரமாகச் சுற்றினேன். முடிவில், கோவணமும் மேல்கையில் பிள்ளை அரைஞாணுமாக நின்றேன்.

அந்த நேரம் பார்த்து, கூலியாள் தலையில் தோல் பெட்டியோடு சங்கரலிங்கம் அண்ணாச்சி வண்டி ஏற வந்தார். பெட்டியில் லக்கேஜ் சீட்டு ஒட்டியிருந்தது.

“ஏலே, சுப்பையாவா?” என்றார். கிட்டே வரவில்லை. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். “ஒண்ணும் பதறாத. ஒடம்பப் பாத்துக்கிட்டுப் பைய வா. பிள்ளைய நான் மடியில வச்சுக்கிடுதேன்.”

வண்டி அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

துணி இல்லாமல் ஆறிய பிறகு என் உடம்பு சாதாரணமாகத்தான் இருந்தது. புடைப்பு கருப்பட்டி என்பதும் டாக்டருக்கு மோந்து பார்த்தே தெரிந்துவிட்டது. ஆனால் சந்தேகம் என்று ஒருதரம் எழுதிவிட்டால் விதி விதிதான். ஆளை மறுநாள் காலை வரை ஓலைக் கொட்டகையில் வைக்க வேண்டும், துணிமணியைக் கொப்பரையில் போட்டு அவிக்க வேண்டும். பட்டுச் சேலை, வேட்டி, துண்டு, சட்டை, குல்லா எல்லாம் ஒரே கொப்பரையில் கொதித்தன. சாயம் உயிர் போனாலும் போகாது என்று கடைக்காரர் சத்தியம் செய்திருந்த சேலை அது. என் மடியில் இருந்த, நான் மிச்சம் பிடித்த காசையும் கூடப் போட்டு அவித்தார்கள். கருப்பட்டியைக் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

காலையில் நாடி பிடித்துப் பார்த்து விட்டுவிட்டார்கள். முகூர்த்தத்துக்குள் வேறு வண்டி கிடையாது. ஈர மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தை ஒட்டி நடந்தேன், நடந்தேன் என்பதைவிட ஓடினேன். வழியில் ஒரு வாய்க்காலில் இறங்கி, உடம்பில் ஒட்டியிருந்த கருப்பட்டியைக் கழுவினேன். எறும்பு கடித்த தடிப்பு மட்டும் போகவில்லை. உடுத்தியிருந்த என் வேட்டி முதற்கொண்டு எல்லாம் ரோஜாப்பூ நிறம். எதிரே வந்த வண்டிக்காரர்கள் மாட்டை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

பந்தலுக்குள் நான் நுழைந்தபோது மேளம் வாசித்துக்கொண்டிருந்தது. மணையில் சங்கரலிங்கம் அண்ணாச்சி ஜரிகைத் துண்டோடு உட்கார்ந்திருந்தார். மடியில் என் மருமகன். ஆசாரி ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். அக்காள் தூணைப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்குப் பிளேக் என்று அண்ணாச்சி முதல் நாளே வீடு வீடாகச் சொல்லி முடித்திருந்தார். பாவம், அது அவருக்கே வந்து விடிந்தது. உடம்பெல்லாம் தடிப்பும் ஈரத் துணியுமாக நான் வந்து நின்றதும் மேளம் பாதியில் நின்றது. பந்தல் காலியாக எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? நான் வாயைத் திறப்பதற்குள் காலி. முதலில் எழுந்தவர் அண்ணாச்சி. பிள்ளையை மணையில் விட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் போனவர், அப்படியே ஸ்டேஷனுக்குப் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. தோல் பெட்டியை மறுநாள் ஆள் விட்டு எடுத்துப் போனார்.

அக்காள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏலே, ஒனக்கு நோவு இருக்கா இல்லையா? அத மட்டும் சொல்லு.”

“இல்லக்கா. அது கருப்பட்டி.”

“அப்ப உக்காரு” என்று சொல்லிப் பிள்ளையை என் மடியில் வைத்தாள்.

ஆசாரி மட்டும் ஓடவில்லை. ஆனால் கிட்டேயும் வரவில்லை. கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, மூச்சைப் பிடித்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு குத்தினார். வலது காது தப்பியது. இடது காதில்தான் ஓட்டை மலையேறிவிட்டது. பிள்ளை வீறிட்டுக் கத்தினான். அக்காள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சிரிக்கவும் செய்தாள்.

அடுக்களைக் கதவை ஒரு விரல்கடை திறந்து மாமியார் கேட்டாள்: “கோடித் துணிய அவிச்சுக் கொண்டாந்த மாமன் உலகத்துலயே இவன் ஒருத்தன்தான். சில்லுக்கருப்பட்டி எங்கடே?”

அத்தான் அந்த ரோஜா நிற வேட்டியைப் பல வருஷம் கட்டினார். வேறு வழியில்லை, நல்ல துணி. இன்றைக்கும் எங்கள் வீட்டில் மார்கழிக் குளிருக்கு யாராவது இரண்டு துண்டைச் சேர்த்துப் போர்த்தினால் போதும், “அம்பாசமுத்திரம் வரைக்குமா?” என்று சின்னஞ்சிறுசுகள்கூடக் கேட்கும்.

சிவசைலத்தை வழியனுப்பத் திருச்சி விமான நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். கோட்டுமேல் கோட்டுப் போட்டு வந்திருந்தான். பெட்டியை நிறுத்தார்கள். பிறகு, ஐயா நீங்களும் ஏறுங்கள் என்று அவனையும் தராசில் ஏற்றினார்கள். என் வாழ்நாள் வித்தையை ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். அவன் தராசில் நின்றபடி என்னைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். நானும் சிரித்தேன். போய் வா என்று கையை ஆட்டினேன்.

அவன் பதிலுக்குக் கையை ஆட்டவில்லை. இரண்டு கையையும் விலாவோடு ஒட்ட வைத்துக்கொண்டே விமானத்தை நோக்கி நடந்தான்.