ஊரார் பாத்திரம்

ஆல்டன் எழுந்தான். பல் தேய்த்தான். காபி போட்டான். ரொட்டியை வாட்டி நின்றபடியே தின்றான். கோட்டை மாட்டிக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பினான். புல்வெளிக்குக் குறுக்கே போனால் அலுவலகம் பக்கம்தான். அவன் கொதிகலன் கட்டிடத்தின் பின்னால் சுற்றிக்கொண்டு போனான்.

குறுக்கே போனால் யாராவது எதிரே வருவார்கள். வருகிறவரின் பாத்திரம் தன் வீட்டில் கிடக்கிறது என்று நினைத்தாலே அவனுக்குக் கூசும்.

போன மார்ச்சில் அவன் மனைவி கொரீன் இறந்தாள். அந்த வாரம் முழுக்க வாசலுக்குச் சாப்பாடு வந்துகொண்டே இருந்தது. மக்ரோனி, கோழி, உருளைக்கிழங்கு, மறுபடி மக்ரோனி. யார் எதில் கொண்டுவந்தார்கள் என்று பார்க்கும் நிலையில் அவன் இல்லை. சமையலறையில் அவனுக்குப் பழக்கம் காபிக் கெட்டிலோடு மட்டும்தான். பாத்திரங்களைக் கழுவி அடுக்கினான். அலமாரி நிறைந்ததும் மிச்சத்தைக் கேக் சுடும் அடுப்புக்குள் வைத்தான்.

அந்தப் பக்கத்தில் யாரும் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருவதில்லை. ஏதாவது சமைத்துப் போட்டுத்தான் தருவார்கள். சமைக்க வேண்டுமானால் அடுப்பு காலியாக வேண்டும். அடுப்பு காலியாக வேண்டுமானால் பாத்திரம் போக வேண்டும். இதை யோசித்து யோசித்தே ஒரு வருஷம் ஓடிவிட்டது. அவ்வளவு சின்னக் கல்லூரியில் பாத்திரத்தைத் திருப்பாதவன் என்று பெயரெடுப்பது, பரீட்சையில் காப்பியடித்தான் என்று பெயரெடுப்பதைவிட மோசம்.

கல்லூரியின் செய்தி அலுவலகம் என்பது ஆல்டன்தான். ஆல்டனும் ஒரு வாடிய செடியும். தினமும் காலையில் அவன் எழுதும் செய்திமடல் எல்லோருக்கும் மின்னஞ்சலில் போகும். சொற்பொழிவு, கூடைப்பந்து, காணாமல்போன சைக்கிள். எல்லோரும் படிப்பார்கள். யாரும் முழுசாகப் படிக்கமாட்டார்கள்.

திங்கட்கிழமை அவன் துணிந்தான். கைவண்டியில் பாத்திரங்களைக் கொண்டுவந்து அலுவலக வாசலில் நீள மேசை போட்டுப் பரப்பினான். மடலின் கடைசியில் ஒரு வரி சேர்த்தான்: வெறும் பாத்திரமாகத் தருவதற்கு மன்னிக்கவும், அவரவருடையதை எடுத்துக்கொள்ளவும்.

நீள மேசை, அதன்மேல் பாத்திரங்கள். அந்தக் கல்லூரியில் இதற்கு ஒரே அர்த்தம்தான்: ஆளுக்கொன்று கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடும் விருந்து. மதியத்துக்குள் தத்துவத் துறை பீன்ஸ் சாலட்டோடு வந்துவிட்டது. நீச்சல் அணி வந்து எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் போனது. மாலையில் பார்த்தால் பாத்திரங்கள் குறையவில்லை. கூடியிருந்தன.

செவ்வாய்க்கிழமை எழுதினான்: இது விருந்து இல்லை. எனக்குச் சாப்பாடு வேண்டாம். பாத்திரத்தை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

கல்லூரி நடுவாக்கியத்தை மட்டும் படித்தது. முதல் வகுப்பு முடிவதற்குள் கல்லூரிப் போதகர் லோவெல் வந்து, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"கடைசியா எப்பப்பா சாப்பிட்ட?"

"காலைல, பாஸ்டர். ரொட்டி."

"உக்காந்து சாப்பிட்டியா?"

ஆல்டனுக்குப் பொய் வராது. "நின்னுக்கிட்டுதான்."

போதகர் கண்ணை மூடிக்கொண்டார். வந்ததுதான் வந்தீர்கள், உங்கள் பாத்திரத்தையாவது எடுத்துப்போங்கள் என்று ஆல்டன் கேட்டுப் பார்த்தான். போதகர் கண்ணைத் திறந்து அந்த வாடிய செடியைப் பார்த்தார். அதற்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். பிறகு போய்விட்டார்.

அன்று மாலை சிலர் மேசையிலிருந்து பாத்திரங்களை எடுத்துப் போனார்கள். ஆல்டன் சன்னல் வழியாகப் பார்த்தான். வெகுநாளைக்குப் பிறகு சீட்டியடித்தான். மறுநாள் விடிந்தபோது அத்தனையும் அவன் வீட்டு வாசலில் இருந்தன. நிறைய மக்ரோனியோடு.

புதன்கிழமை கொஞ்சம் விளக்கமாகவே எழுதினான். தான் நன்றாகச் சாப்பிடுவதாகவும், வீட்டில் சாமானைக் குறைத்துக்கொண்டிருப்பதாகவும், வேறு ஒன்றுமில்லை என்றும்.

அந்த ஊரில் ஒருவர் சாமானைக் குறைத்தால் வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது என்று பொருள். டீன் ஹாஸ் மாடியிலிருந்து இறங்கியே வந்துவிட்டார்.

"எந்தக் காலேஜுப்பா?"

"எங்கயும் போகல சார்."

"போறவங்க எல்லாம் இப்படித்தான் சொல்வாங்க. நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

மதியச் சாப்பாட்டுக்குள் கல்லூரி முழுக்கத் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வழியனுப்பு விழா என்று முடிவாயிற்று. பிரிந்து போகிறவருக்குக் கல்லூரி முத்திரை பதித்த கறுப்பு நாற்காலி தருவது அங்கே வழக்கம். புதிதாகச் செய்ய நேரமில்லாததால், ஓய்வுபெறப்போகும் நிலவியல் பேராசிரியருக்காகச் செய்துவைத்திருந்ததை டீன் இவனுக்குத் திருப்பிவிட்டார். நிலவியல் பேராசிரியர் அன்றே ஆல்டனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

டீன் அலுவலக அறிவிப்பு எதையும் மடலில் போடாமல் இருக்க முடியாது. வியாழக்கிழமை ஆல்டன் தன் வழியனுப்பு விழாவுக்குத் தானே அழைப்பு எழுதினான். நன்றாகவே எழுதியிருந்தான்.

வெள்ளிக்கிழமை மாலை கூடம் நிறைந்துவிட்டது. ஒரு பக்கம் கேக், ஒரு பக்கம் அவன் வண்டியில் தள்ளிக்கொண்டு வந்த பாத்திரங்கள். அவனை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இதமாகத்தான் இருந்தது. டீன் அவனைப் புகழ்ந்தார். போதகர் அவன் பயணத்துக்காக ஜெபித்தார். ஆமென் சொன்ன கையோடு ஆல்டன் எழுந்தான்.

"நான் எங்கயும் போகல" என்றான். "போக இஷ்டமும் இல்ல. இந்த ஊர் எனக்குப் பிடிச்சிருக்கு."

நிலவியல் பேராசிரியர் நாற்காலியைப் பார்த்தார்.

"உங்க முகத்தைப் பாத்து நடக்கணும், அவ்வளவுதான் எனக்கு வேணும். ஒரு வருஷமா கூனிக் குறுகிப் போறேன். தயவுசெஞ்சு அவங்கவங்க பாத்திரத்தை எடுத்துக்கங்க."

தத்துவத் துறை மொத்தமும் தன் செருப்பைப் பார்த்தது. டீன் கேக்கை மும்முரமாக வெட்டினார். நூலகத்து வில்மா மட்டும் முன்னால் வந்து, மேசைமேலிருந்த ஒரு நீலப் பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அதை அவன் பக்கமாகவே தள்ளிவைத்தாள்.

"இதுல ஒண்ணுகூட எங்களோடது இல்லப்பா. தினமும் நீ வேலைக்குக் கிளம்பினப்புறம் கொரீன் எங்க ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் சமைச்சுக் கொண்டாந்து குடுத்தது. அவ சாகற வரைக்கும் நாங்கதான் வருஷக்கணக்கா திருப்பித் தராம வச்சிருந்தோம்."