கடலில்லா நாட்டுக் கலங்கரை விளக்கம்

நிதித்துறைத் துணைச் செயலருக்கு அன்று காலை வந்த உத்தரவு மிக எளியது. தலைநகரின் ஒரே பிரசவ ஆஸ்பத்திரியை உடனே மூடி, மிச்சமாகும் பணத்தைக் கலங்கரை விளக்கக் கடனுக்குக் கட்டவேண்டும். அவருடைய மகள் அதே ஆஸ்பத்திரியில் நிறைமாத வயிற்றோடு படுத்திருந்தாள். மனைவி அங்கே தலைமை நர்ஸ். வேலை போனால் போகட்டும், சாயங்காலம் வீட்டுக்குப் போகணுமே!

கலங்கரை விளக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த நாட்டுக்குக் கடல் கிடையாது. நாலு பக்கமும் மண்தான். துப்பாக்கியோடு ஆட்சிக்கு வந்த மீசைத் தளபதி ஆசைப்பட்டார், உலக நல்வாழ்வுக் கடன் வங்கி கொடுத்தது, வங்கித் தலைவரின் மைத்துனர் கட்டினார். மிச்சத்தை மூட்டை கட்டிக்கொண்டு தளபதி கம்பி நீட்டிவிட்டார். விளக்கம் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் நின்று, ஒப்பந்தப்படி சுழன்று சுழன்று பச்சைக் குழந்தைகளின் கண்ணில் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது.

மூடுவிழாவைப் பார்வையிட வங்கி அதிகாரியே நேரில் வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் துணைச் செயலர் மென்று முழுங்கிக் கேட்டார்.

“கடன் கொடுக்கும்போது இங்க கடல் இருக்கான்னு யாரும் பார்க்கலையா சார்?”

“பார்க்காம இருப்போமா? எங்க பொறியாளர் வந்து, கடல் எங்கேன்னு கேட்டார். உள்வாங்கியிருக்கு, வந்துடும்னு தளபதி சொன்னார். திருப்தியாத் திரும்பிட்டார்.”

“அவர் ஆட்சியைப் பறிச்ச ஆள்னு தெரியுமா?”

“நல்லாத் தெரியும். அதனாலதானே வட்டியை ரெட்டிப்பாப் போட்டோம்! ஆபத்தான ஆளு, பணம் வராமலே போயிடலாம் பாருங்க.”

“இப்ப அந்த ஆபத்து வந்திருக்கு. நீங்கதானே ஏத்துக்கணும்?”

அதிகாரியின் முகம் வாடிவிட்டது. “ஆபத்துக்குக் காசு வாங்கிக்குவோம் சார். ஆபத்தை வாங்கிக்க மாட்டோம்.”

“ஜனங்க யாரும் இந்தக் கடனைக் கேட்கலையே?”

“வேண்டாம்னும் சொல்லலையே?”

“சொன்னவங்க எல்லாம் ஜெயில்ல இருந்தாங்க.”

“அந்த ஜெயிலுக்கும் எங்க கடன்தான். நல்ல காத்தோட்டம் வச்சுக் கட்டினது.” அதிகாரி குரலைத் தாழ்த்தினார். “மனசாட்சியோட சொல்லுங்க. விளக்கம் வந்ததுக்கப்புறம் இந்த நாட்டுல ஒரு கப்பலாவது மோதியிருக்கா?”

துணைச் செயலர் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். மோதவில்லைதான்.

அதற்குள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே அவர் மனைவி வந்துவிட்டாள். “உள்ள பொண்ணுக்கு வலி எடுத்திருக்கு, இங்க என்ன அரட்டை? ஏன் சார், இந்தக் கடனைக் கட்டி முடிக்கப்போறது யாரு?”

“இனிமே பிறக்கப்போற குழந்தைங்கம்மா. கணக்கு அப்படித்தான் போட்டிருக்கோம்.”

“அதுங்க எங்க பிறக்கும்? உங்க விளக்கத்து உச்சியிலயா?”

அதிகாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஐயையோ! கடனாளிகள் உற்பத்தியாகிற இடமாச்சே இது! இதையா மூடப் பார்த்தோம்?”

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. ஆஸ்பத்திரி வங்கியின் விலைமதிப்பில்லாச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. அதை நடத்த ஒரு புதுக் கடன். பழைய தவணையும் அதிலேயே கழியும். ஜன்னல்களுக்கு வெளிச்சம் புகாத கறுப்புத் திரையும் உண்டு, மைத்துனரே தைத்துக் கொடுப்பார்.

துணைச் செயலர் பேனாவை எடுத்துவிட்டுத் தயங்கினார். “ஜனங்க சார்பா கையெழுத்துப் போட எனக்கு யாரு அதிகாரம் கொடுத்தது?”

“தளபதிகிட்டயே நாங்க அதைக் கேட்கலை. உங்களைப்போய்க் கேட்டா மரியாதையா இருக்குமா?”

போட்டார். வராந்தாவில் காத்திருந்த சொந்தபந்தங்கள் விஷயம் தெரிந்ததும் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அவருக்கும் ஒரே பெருமை, கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. உள்ளேயிருந்து பேத்தியின் அழுகை கேட்டது.

அதிகாரியும் குழந்தையைப் பார்க்க வந்தார். ஆசையாக ஒரு விரலை நீட்டினார். குழந்தை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

“கை கொடுத்துட்டாங்க! சம்மதம்!” என்றார் அதிகாரி. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். துணைச் செயலர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. பேத்தியின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டே சொன்னாள்.

“தளபதி கையெழுத்துப் போட்டப்போ ஜனங்களைக் கைதட்ட வைக்கத் துப்பாக்கி வேண்டியிருந்தது.”