பம்பாய் அட்டைகள் காலண்டரான விவரம்

சிவகாசி,
5-12-1966

சிரஞ்சீவி மருமகப் பிள்ளை பெத்தணனுக்கு மாமன் இருளாண்டி ஆசி கூறி எழுதுவது. இங்கு நான், உங்கள் அத்தை, கல்யாணப் பெண் பொன்னுத்தங்கம், என் அக்காவாகிய உங்கள் அம்மா எல்லோரும் நலம், உங்கள் அட்டைகள் நீங்கலாக. நிச்சயம் செய்தபின் மாப்பிள்ளையை 'நீங்கள்' என்றுதான் எழுத வேண்டும் என்று உங்கள் அத்தை உத்தரவிட்டிருப்பதால் அப்படியே எழுதுகிறேன். கை இன்னும் பழகவில்லை. எங்காவது தவறினால் பொறுத்துக்கொள்ளவும்.

"மூலப் பிரதி பாழ். அட்டைப் பெட்டி உடனே அனுப்பவும். வேலை முடியாவிட்டால் லீவு இல்லை" என்ற உங்கள் தந்தி சனிக்கிழமை கிடைத்தது. தந்தி என்றதுமே அக்கா அழத் தொடங்கினாள். விஷயத்தைப் படித்துக் காட்டிய பிறகும், ஆரம்பித்ததை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். லீவு இல்லையென்றால் தை மாத முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை இல்லை என்பது எனக்கும் விளங்கியது. கல்யாணப் பத்திரிகை எங்கள் பிரஸ்ஸிலேயே அச்சாகி ஈரமும் காய்ந்துவிட்டது. ஆகையால் நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

ஐப்பசியில் நீங்கள் பெட்டியோடு அனுப்பிய நான்கு பக்கக் கடிதத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் கம்ப்யூட்டர் இயந்திரத்தோடு எண்களிலேயே பேச வேண்டியிருந்ததென்றும், இப்போது இங்கிலீஷ் மாதிரி எழுதி அட்டையில் ஓட்டை போட்டுக் கொடுத்தால் அதுவே மொழிபெயர்த்துக்கொள்ளுமென்றும், மழையின் அளவைக் கணக்கிடும் அந்த வேலைக்கு எழுநூற்று நாற்பது அட்டைகள் பிடித்தன என்றும் எழுதியிருந்தீர்கள். எங்கள் பக்கத்து மழைக்கு ஒரு கை விரல்களே போதும், அது கிடக்கட்டும். ஒழுங்கான புரோகிராம்காரனின் பழக்கங்கள் என்று ஒரு பக்கம் எழுதி, அதில் முதலாவதாக, தீ விபத்து நேர்ந்தால் நஷ்டமாகாதபடி ஒரு பிரதியை வேறு ஊரில் வைக்க வேண்டும் என்றீர்கள். பம்பாயில் தீப்பிடித்துவிடுமோ என்று பயந்து ஒரு பொருளைச் சிவகாசிக்கு அனுப்பியவர், எனக்குத் தெரிந்து, நீங்கள் ஒருவர்தான்.

வீட்டில் எலி இருப்பதால் பெட்டியைப் பிரஸ்ஸில் என் மேஜைக்கடியில் வைத்தேன். யாரும் கை வைத்துவிடக் கூடாதே என்று மேலே 'பம்பாய் – முக்கியம்' என்று ஒரு சீட்டு ஒட்டினேன். இதுதான் நான் செய்த பிழை. காலண்டர் சீசனில் 'முக்கியம்' என்றால் மற்ற ஆர்டரை நிறுத்திவிட்டு இதை முடி என்று அர்த்தம். நான் காகித லோடு இறக்க விருதுநகர் போயிருந்த ஒரு நாளில், தாள் அடுக்கும் பிரிவின் பேச்சியம்மாள் பெட்டியைத் திறந்து, அட்டைகளைத் தட்டிச் சீராக்கி, நான்கு கட்டாகப் பிரித்து, தலைப்பில் கோந்து பூசி, தகரப் பட்டை அடித்து, தினசரி காலண்டராக்கிவிட்டாள். தேதி இல்லாத காலண்டர் உண்டா என்று திரும்பி வந்து கேட்டேன். "பம்பாய்க்காரங்க புதுசா ஓட்டைக் காலண்டர் போடுதாகன்னு நெனச்சேன் அண்ணாச்சி. அவுக ஊர்ல எது நடக்கும், எது நடக்காதுன்னு நமக்கென்ன தெரியும்?" என்றாள்.

அப்போதே பிரித்திருந்தால் தொல்லையில்லை. ஆனால் சீசன் முடியட்டும் என்று விட்டேன். அதற்குள் எங்கள் புரூப் ரீடர் பலவேசம் முதல் கட்டைச் சுவரில் மாட்டி நாளுக்கொன்றாகக் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறார். வருஷா வருஷம் தினசரித் தாளின் ராசிபலனைத் திருத்தித் திருத்தி, எதைக் கிழித்தாலும் பலன் தேடும் கை அவருக்கு. "இன்னைக்கி ஓட்டை இருவத்தேளு. வடக்க யாரும் போகாதீக" என்பாராம், மிஷின்காரர்களும் போகமாட்டார்களாம். இந்த விதமாகத் தங்கள் மழைக் கணக்கின் முதல் முப்பத்தோரு வரிகள் செலவாயின. அட்டைகளைக் கேட்டேன். எல்லாவற்றையும் வைத்திருந்தார், சிவப்பு மையில் திருத்தியும் வைத்திருந்தார். எக்ஸ் என்பது எக்ஸும் ஒன்றும் சேர்ந்ததற்குச் சமம் என்று ஒரு அட்டையின் மேல் விளிம்பில் அச்சிட்டிருக்கிறீர்களாம். "எந்த வாத்தியார் இவுகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தது? இதை அச்சுல ஏத்துனா நம்ம பிரஸ் மானம் என்னாவும்?" என்று என்னோடு சண்டைக்கே வந்துவிட்டார். இன்னொரு அட்டையில், பின்னால் வருகிறவர்களுக்கு விளக்கமாக, 'இது ஏன் வேலை செய்கிறதென்று தெரியவில்லை. தொட வேண்டாம்' என்று நீங்களே எழுதியிருப்பதை வாசித்துக் காட்டினார். அதற்கு மட்டும் அவர் திருத்தம் போடவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பட்டையைக் கழற்றி, கத்தியால் ஒவ்வொரு அட்டையாகக் கோந்தைச் சுரண்டி, எழுநூற்று நாற்பதையும் அடுக்கித் தூக்கினேன். காகிதக் கட்டு தடுக்கியது. தரையெல்லாம் அட்டை. அள்ளிப் பார்த்தால் ஒன்றிலும் வரிசை எண் இல்லை! ஏலே பெத்தணா, ஒரு பக்கம் முழுக்கப் பழக்கம் எழுதினியே, அட்டைக்கு நம்பர் போடணும்னு ஒரு வரி தோணலையா உனக்கு? எட்டணா காலண்டருக்கே தாளுக்குத் தாள் தேதி போடுதோமே! முகூர்த்தம் போச்சு என்று நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். பேச்சியம்மாள்தான், "எந்திரிங்க அண்ணாச்சி, விலாவப் பாருங்க" என்றாள். கோந்து பூசுமுன் கட்டின் பக்கவாட்டில் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்குச் சாய்வாக ஒரு கலர்க் கோடு இழுப்பது அடுக்குகிறவர்களின் வழக்கம்; ஒரு தாள் இடம் மாறினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். நாலு கட்டுக்கும் நாலு கலரில் இழுத்திருக்கிறாள். ஆறு பெண்கள் உட்கார்ந்து, கோடு கூடும்வரை அடுக்கி, சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டார்கள். "மாப்பிள்ளைக்குப் படிப்பு எம்புட்டு?" என்று அவள் கேட்டாள். எம்.எஸ்ஸி. என்றேன். "ஒரு கோடு இழுக்கத் தெரியலையே" என்றாள்.

பெட்டி இன்று காலை ரயிலில் ஏறிவிட்டது. இயந்திரம் ஓட்டைகளை மட்டும்தான் பார்க்குமென்று எழுதியிருந்தீர்கள். பலவேசத்தின் திருத்தங்களை அது மனதில் வைத்துக்கொள்ளாது என்று நம்புகிறேன். கோந்து ஒட்டினால் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைக்கவும். வேலை முடிந்து, லீவு கிடைத்து, மாலையும் கழுத்துமாக உங்களைப் பார்க்க எல்லாம் வல்ல மாரியம்மன் கண் திறக்கட்டும். அத்தையின் ஆசியும், பேச்சியம்மாளின் விசாரிப்பும்.

இப்படிக்கு,
மாமன் இருளாண்டி

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் உங்கள் இரண்டாம் தந்தி வந்தது. சிவகாசிக்கு அனுப்பியது பிழையுள்ள பழைய பிரதி என்றும், சரியானது உங்கள் கட்டிலுக்கடியிலேயே அதே மாதிரிப் பெட்டியில் இருந்தது என்றும், வேலை முடிந்து லீவும் கிடைத்துவிட்டது, எங்களிடம் இருப்பதைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றும் கண்டேன். சந்தோஷம். பெட்டி இந்நேரம் மதுரை தாண்டியிருக்கும். வந்து சேர்ந்தால் நீங்களே தூக்கிப் போட்டுக்கொள்ளவும். தந்தியைப் பொன்னுத்தங்கம் இரண்டு முறை படித்தாள். அவள் எழுதச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எந்த ஊரு, எந்தத் தேதி, எந்தப் பொண்ணுன்னு ஒரு அட்டையில எளுதி, நம்பர் போட்டு, சட்டைப் பையில வச்சுக்கிடச் சொல்லுங்கப்பா. அதுக்கு ஒரு பிரதி எனக்கும் அனுப்பட்டும். சரிபார்த்துட்டுத்தான் மருதாணி வைப்பேன்."