காத்திவாக்கத்து எரிமலை

ஜப்பானில் எரிமலை, இத்தாலியில் எரிமலை என்று பீற்றிக்கொள்கிறவர்கள் இனி அடக்கி வாசிக்கலாம். 1972 முதல் எங்கள் காத்திவாக்கம் முகத்துவாரத்திலும், தண்ணீருக்கடியில், அரசு முத்திரை பெற்ற எரிமலை ஒன்று இருக்கிறது.

கண்டுபிடித்த பெருமை சிலுவையம்மாள் வீட்டு இறால் வலைக்கே சேரும். வீட்டுக்கு இருந்ததே அந்த ஒரு வலைதான். அடியில் கிடந்த கறுப்புக் கற்களில் மாட்டி அது மூன்றாம் முறையாகக் கிழிந்ததும், ஒரு கல்லைக் கூடையில் சுமந்துபோய், மீனவர் குறை கேட்க அரசு அனுப்பியிருந்த ‘விசாரணைக் குழு’வின் மேசைமேல் வைத்தாள். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, அதனால்தான் போயிருந்தேன்.

குழுத் தலைவர் சங்கரநாராயணன் கல்லைப் பார்த்துப் பரவசமானார். தலையணைபோல் உப்பிய கல். கண்ணாடிபோல் மினுங்கும் மேல்தோல். தோலெங்கும் விரிசல். கடலடி எரிமலைக் குழம்பேதான் என்றார். தண்ணீர் பட்ட நொடியில் மேல்தோல் இறுகிச் சுருங்குமாம். உள்ளே குழம்பு கொதித்துக்கொண்டே இருப்பதால் சுருங்க வழியில்லாமல் வெடிக்குமாம். வெடிப்பு வழியே உள்ளிருப்பது பிதுங்கி, அதுவும் தோல் கட்டி, அதுவும் வெடிக்குமாம்.

“எரியிற வெளக்குச் சிம்னி மேல தண்ணி தெறிச்சா பட்டுனு வுட்டுக்குமே, அது மாரியா சார்?” என்றாள் சிலுவையம்மாள்.

“அதே தத்துவம்தாம்மா.”

“அப்ப கரீட்டு சார். அந்த இரும்பு உருக்குற கம்பெனி லாரி தெனம் நாலு மணிக்கு வந்து கசடைக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணியில கொட்டுது. வெடிக்கிறதை நான் பாத்துகினுதானே கீறேன். அதை நிறுத்தச் சொல்லு சார், வலை தாங்கலை.”

லாரி என்பது வதந்தி, விரிசல் என்பது விஞ்ஞானம் என்று தலைவர் பொறுமையாக விளக்கினார். ஆனாலும் நேர்மையானவர். குழுவோடு படகேறிப் போய் நேரிலும் பார்த்தார். போனது ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிக்கு லீவு. கரையில் கம்பெனி மேனேஜர் வெட்டிக்கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டு, “எரிமலை தற்சமயம் உறங்குநிலையில் உள்ளது” என்று குறிப்பெழுதினார்கள்.

மறுவாரமே உத்தரவு வந்தது. அரிய இயற்கைச் செல்வத்துக்குப் பங்கம் வராதிருக்க, அவ்விடத்தில் வலை வீசத் தடை. தடைப் பலகையைக் கம்பெனியே பெருந்தன்மையோடு எழுதிக் கரையில் நட்டுக் கொடுத்தது.

பலகையால் பயனில்லை என்று யாரும் வாய் கூசாமல் சொல்லிவிட வேண்டாம். முன்பெல்லாம் லாரிக்காரர் எந்த இடத்தில் கொட்டுவது என்று தடுமாறுவார். இப்போது நேராகப் பலகையைப் பார்த்து ரிவர்ஸ் எடுக்கிறார்.