வரமாட்டேன் என்று சொல்ல ஒரு வழி

தச்சர் மறுபடியும் எண்களை அழுத்தி, மணி அடிப்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

“என்ன, லைன் கிடைக்கலையா?” என்று கேட்டாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

“கிடைச்சிடுமோன்னுதான் வச்சிட்டேன்.”

விஷயம் இதுதான். அலமாரி செய்யும் தொழிற்சாலையில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போயிருந்தார். அங்கே மேலாளராக இருந்த அம்மாள், அவர் பொருத்திக் காட்டிய இழுப்பறையை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். அது சத்தமே போடாமல் உள்ளே போய் நின்றது.

“அருமை! திங்கட்கிழமை வந்துடறீங்களா சார்?”

“சரிங்க” என்றார் தச்சர். அவர் வாயில் முதலில் வரும் சொல் அதுதான். தெருவில் சிலர் அவரை ‘சரிங்க’ என்றே கூப்பிடுவார்கள். அதற்கும் அவர் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பார்.

மறுநாளே நாடக அரங்கிலிருந்து போன் வந்தது. மேடைக்கான வீடு, மாடிப்படி, பாலம் எல்லாம் செய்யும் பட்டறையில் வேலை. எப்போதோ கேட்டுவைத்து, இனி எங்கே வரப்போகிறது என்று கைகழுவிவிட்ட இடம். போய்ப் பார்த்தார். பட்டறை நடுவில் பாதி கட்டிய கப்பல் ஒன்று நின்றது. முன்னாலிருந்து பார்த்தால் இப்போதே கடலுக்குக் கிளம்பிவிடும் போலிருந்தது. பின்னால் போனால் வெறும் சட்டமும் முட்டும்தான். தச்சர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். வாழ்நாள் முழுக்க இழுப்பறை செய்த கை அன்று துறுதுறுத்தது.

“திங்கட்கிழமை வர்றீங்களா?” என்று கேட்டார் பட்டறைத் தலைவர்.

“சரிங்க.”

ஆக, ஒரே திங்கட்கிழமைக்கு இரண்டு ‘சரிங்க’.

“இதுல யோசிக்க என்ன இருக்கு? உங்களுக்குப் பிடிச்சது கப்பல். தொழிற்சாலைக்குப் போன் போட்டு, வரலைன்னு சொல்லுங்க. அவ்வளவுதானே?” என்றாள் மனைவி.

அவ்வளவுதான். தச்சர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு எண்களை அழுத்தினார். இந்த முறை அந்த அம்மாளே எடுத்துவிட்டார்.

“மேடம், ஒரு விஷயம் சொல்லணும்…”

“ஐயோ, நானே உங்களுக்குப் போன் பண்ணணும்னு இருந்தேன் சார். இல்ல இல்ல, நீங்க முதல்ல சொல்லுங்க.”

எவ்வளவு ஆசையாக எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார் பாவம் என்று தோன்றியது. தொண்டைவரை வந்தது அப்படியே இறங்கிவிட்டது.

“திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வரணும்னு…”

மறுமுனையில் காகிதங்கள் புரளும் சத்தம் கேட்டது.

“எட்டு மணிக்கு” என்றது ஒரு மெல்லிய குரல்.

மனைவி மடித்த துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சோபாவில் படுத்திருந்த மச்சினன் எழுந்து உட்கார்ந்தான். அவளுடைய தம்பி. சும்மா இருப்பதை ஒரு வேலையாகவே செய்துவந்தவன். அதனால் மற்றவர்களுடைய வேலையைப் பற்றி யோசிக்க அவனுக்கு நிறைய நேரம் இருந்தது.

“மாமா, உங்களால முடியாதுன்னு சொல்ல முடியாது. விடுங்க. அவங்களைச் சொல்ல வைப்போம்.”

“எப்படிடா?”

“கன்னாபின்னான்னு கேளுங்க. ‘இந்த ஆள் நமக்குச் சரிப்பட்டு வரமாட்டான்’னு அவங்களே கழட்டி விட்டுடுவாங்க. நீங்க நல்லவராவே வெளியில வந்துடலாம்.”

தச்சருக்கு இது பிடித்திருந்தது. மறுநாள் காலை, மச்சினன் பக்கத்தில் நின்று சைகை காட்ட, போனை எடுத்தார்.

“மேடம், எனக்கு ஜன்னலோரமாத்தான் உட்கார்ந்து வேலை பாக்க வரும்.”

“சரி சார்.”

“வீட்டு வாசல்லேருந்து வண்டி வேணும்.”

அந்த அம்மாள் பெருமூச்சு விடுவது கேட்டது. “சரி… அனுப்பிடலாம் சார்.”

“மத்தியானம் சாப்பிட்டா எனக்குக் கண்ணு சொக்கும். கொஞ்சம் படுக்கணும்.”

“படுங்க சார். கட்டில் போடச் சொல்றேன்.”

தச்சர் போனைக் கையால் பொத்திக்கொண்டு மச்சினனைப் பார்த்தார். “டேய், எதுக்கும் மசிய மாட்டேங்கறாங்க!”

மச்சினனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “பெருசா ஒண்ணு போடுங்க. சொந்தக்காரனுக்கும் வேலை வேணும்னு கேளுங்க. எந்த முதலாளிக்கும் ஆகாத விஷயம் அது.”

“மேடம், என் மச்சினனுக்கும் அங்கயே ஒரு வேலை போட்டுக் குடுத்தாத்தான் நான் வருவேன். அவனுக்கு ஒண்ணுமே தெரியாது.”

மறுமுனையில் ஏதோ கீழே விழும் சத்தம் கேட்டது. இதோ, முறிந்தது என்று இருவரும் கைகுலுக்கத் தயாரானார்கள்.

“சரி சார்” என்றது குரல். அழாத குறை. “திங்கட்கிழமை ரெண்டு பேருமா வந்துடுங்க.”

மச்சினனுக்கு முகம் வெளுத்துவிட்டது. “மாமா, என்ன பண்ணிட்டீங்க?”

“நீதானேடா கேக்கச் சொன்னே!”

இதற்குள் சமையலறையிலிருந்து மனைவி ஓடிவந்தாள். கண் கலங்கியிருந்தது. “என் தம்பிக்கு வேலை வாங்கிக் குடுத்துட்டீங்களா? கப்பலைக்கூட விட்டுட்டு? உங்களைப் போய் வாயில்லாத மனுஷன்னு நினைச்சேனே!” அன்று சாயங்காலமே தம்பிக்கு அரைக்கைச் சட்டையும் முழுக்கால் சட்டையும் எடுத்துவந்துவிட்டாள். மாமியாரும் போனில் அவரை வாய் நிறைய வாழ்த்தினார். அந்த வீட்டில் இதற்குமுன் அவர் அந்த அளவுக்கு மதிக்கப்பட்டதே இல்லை.

சனிக்கிழமை காலை நாடக அரங்கிலிருந்து பட்டறைத் தலைவர் கூப்பிட்டார். “கப்பலுக்குப் பாய்மரம் நிறுத்தணும். உங்க கைக்காகத்தான் வச்சிருக்கேன். வந்துடுவீங்கல்ல?”

“சரிங்க” என்று சொல்லிவிட்டு, தச்சர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

மனைவி எதிரே வந்து உட்கார்ந்தாள். “நிஜத்தைச் சொல்லுங்க. எனக்காகவும் அவனுக்காகவும்தான் அங்க போறீங்களா?”

தச்சர் எல்லாவற்றையும் சொன்னார். ஜன்னல், வண்டி, கட்டில், மச்சினன் வரை. அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“அந்தக் கப்பலைப் பத்திப் பேசறப்ப உங்க மூஞ்சியை நீங்க பாத்ததில்ல. நான் பாத்திருக்கேன்” என்றாள் பிறகு. “போன் வேண்டாம். நேர்ல போங்க. சொல்லிட்டு வாங்க.”

“உன் தம்பி?”

புதுச் சட்டையில் கதவோரம் நின்றிருந்த மச்சினன் கையெடுத்துக் கும்பிட்டான். “மாமா, உங்களுக்குப் புண்ணியமா போகும். எனக்கும் சேத்து வேண்டாம்னு சொல்லிடுங்க.”

தொழிற்சாலை வரவேற்பு மேசையில் இருந்த பெண், தச்சரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே அனுப்பினாள். கண்ணாடி அறைக்குள் மேலாளர் அம்மாள் காகிதங்களுக்கு நடுவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. இவரைக் கண்டதும் திடுக்கிட்டு எழுந்தார்.

“கட்டில் இன்னும் வரலை சார்…”

இப்போது சொல்லாவிட்டால் பிறகு எப்போதும் சொல்ல முடியாது என்று தச்சருக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

“மேடம், என்னை மன்னிச்சிடுங்க. நான் வரலை. எனக்கு வேற இடத்துல வேலை கிடைச்சிருக்கு. நாடகத்துக்குக் கப்பல் கட்டற வேலை. அதுதான் எனக்கு ஆசை. உங்ககிட்ட வரேன்னு சொல்லிட்டு, வாய் தவறி… தப்புதான்.”

கண்ணைத் திறந்தார். அந்த அம்மாள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது.

தச்சர் பதறிவிட்டார். “அழாதீங்க மேடம்! வேணும்னா வாரத்துல ஒரு நாள் மட்டும் வந்து…”

“வேண்டாம்!” என்று அந்த அம்மாள் துள்ளி எழுந்தார். “வேண்டவே வேண்டாம் சார். மனசுக்குப் பிடிச்ச வேலையை விடவே கூடாது. நீங்க கப்பலைக் கட்டுங்க.”

“என் மச்சினனும்…”

“அவரையும் கூட்டிட்டுப் போங்க!” கையைக் கூப்பினார். கண் நிறையத் தண்ணீர். வாசல்வரை வந்து, தன் கையாலேயே கதவைத் திறந்துவிட்டார்.

இப்படிப்பட்ட ஒரு பெரிய மனுஷியை ஏமாற்றிவிட்டோமே என்று தச்சர் தன்னையே நொந்துகொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வரவேற்பு மேசையைத் தாண்டும்போது, அந்தப் பெண் எட்டிப் பார்த்து ரகசியமாகக் கேட்டாள்.

“என்ன சார், வரலைன்னு சொல்லிட்டீங்களா?”

தச்சர் குற்றவாளியைப் போலத் தலையாட்டினார்.

“அப்பாடா! மேடத்துக்கு யார்கிட்டயும் முடியாதுன்னு சொல்லவே வராது சார். இருக்கிற ஒரே ஒரு இடத்துக்கு உங்க மச்சினனோட சேர்த்து அஞ்சு பேருக்குச் சரின்னு சொல்லி வச்சிருக்காங்க!”