அந்தரத்தில் ஐந்தரை டன்

"தூக்கிடலாமாங்க சார்?" என்று நிர்மலாதேவி மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

"கொஞ்சம் பொறுங்க மேடம்" என்றார் வெங்கடாசலம், அவரும் மூன்றாவது முறையாக.

மாரண்டஹள்ளி மெயின் ரோட்டில் இருந்த அவருடைய கல்யாண மண்டபத்தின் வாசலில் நீளமான டிரெய்லர் லாரி நின்றது. அதன் மேல் ஒரு சில்லர். மண்டபம் மொத்தத்தையும் குளிர வைக்கும் ராட்சத ஏ.சி. இயந்திரம், எடை ஐந்தரை டன். அதை இரண்டு மாடிக்கு மேலே மொட்டைமாடியில் உட்கார வைக்க ஓசூரிலிருந்து கிரேன் வந்திருந்தது. ஆபரேட்டர் ஜாவீத் கேபினில் ஏறி உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. ஏற்றும் வேலைக்குப் பொறுப்பான இன்ஜினியர் நிர்மலாதேவி, பெல்ட், கொக்கி, கம்பி என்று ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பார்த்து முடித்திருந்தாள். வானம் தெளிவாக இருந்தது. வேப்பிலைகூட அசையவில்லை.

எல்லாம் வந்தாயிற்று. சகலை மாதவராஜ் மட்டும் வரவில்லை.

வெங்கடாசலமும் மாதவராஜும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். இருவருக்கும் மண்டபம்தான் தொழில். போன வருஷம் சித்திரையில் தருமபுரியில் மாதவராஜ் புது மண்டபம் திறந்தார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே மாமியார் சால்வை கேட்டார். "ஊட்டிக்கு வந்த மாதிரி இருக்குதுங்க" என்று சொந்தபந்தம் மொத்தமும் சிலிர்த்துக்கொண்டது. வெங்கடாசலத்துக்கு மட்டும் வயிறு எரிந்தது. பாயசத்துக்குக் காத்திருக்காமல் இலையை மூடிவிட்டு வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தார். மொட்டைமாடியில் சகலையின் சில்லர் உறுமிக்கொண்டிருந்தது. தன்னைப் பார்த்துத்தான் உறுமுகிறது என்று அவருக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு தருமபுரி போனால் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை. பல் டாக்டரைக்கூட மாற்றிவிட்டார். பழைய டாக்டர் நல்லவர்தான். ஆனால் அவருடைய நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு சாய்ந்தால், ஜன்னலில் நேராக அந்த மொட்டைமாடி தெரிந்தது.

மனைவி அமுதவல்லி போன மாசம் ஒருநாள், "அக்கா போன் பண்ணினாங்க. அவங்க மண்டபத்துல என்னமோ..." என்று ஆரம்பித்தாள்.

"அந்த மண்டபத்துப் பேச்சு இந்த வூட்டுல வேண்டாம்!" என்று கையிலிருந்த தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். அமுதவல்லியும் அதோடு விட்டுவிட்டாள்.

அடுத்த வாரமே பெங்களூரில் ஒரு புரோக்கரைப் பிடித்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "தருமபுரியில எங்க சகலை வெச்சிருக்கறதைவிட ஒரு சாணாவது பெருசா இருக்கணும்."

"ஒரு சாண் என்ன சார், ஒண்ணரை சாணே இருக்கும். ஒரு பெரிய ஆபீஸ்ல ஓடினது. ஆபீஸ் காலியாயிடுச்சு. கை படாத சாமான் மாதிரி இருக்கு" என்றான் புரோக்கர். வெங்கடாசலம் ஊரெல்லாம் "புத்தம் புதுசு, பெங்களூரிலிருந்து வருது" என்று சொல்லிவிட்டு, சகலைக்கு மட்டும் தானே போன் செய்தார்.

"சும்மாதாங்க சகலை. பத்து மணிக்கு வந்து ஒரு காப்பி குடிச்சிட்டுப் போங்க."

மாதவராஜ் காரை விட்டு இறங்கும் நேரத்தில் சில்லர் அந்தரத்தில் தொங்க வேண்டும். அவர் அண்ணாந்து பார்க்க வேண்டும். ஒரு வருஷத்துக்கும் மேலாக வெங்கடாசலம் கண்ட கனவு இவ்வளவுதான்.

மணி பத்தே கால். போன் அடித்தார்.

"பாலக்கோடுகூட தாண்டலைங்க சகலை. முன்னாடி வரிசையா மாங்கா லாரி, வண்டி நகரவே மாட்டேங்குது" என்றார் மாதவராஜ்.

வெங்கடாசலம் நிர்மலாதேவியிடம் திரும்பினார். "பூஜை போடாம எப்படிங்க மேடம் தூக்கறது?"

பூசாரி வந்தார். பூசணிக்காய் உடைந்தது. கிரேனைத் தாங்கி நிற்கும் நான்கு ஜாக்குகளுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைக்கப் போனார் வெங்கடாசலம்.

"அதுக்குக் கீழ இரும்புத் தகடு மட்டுந்தான் இருக்கணுங்க சார்" என்று நிர்மலாதேவி நான்கையும் பொறுக்கி அவர் கையிலேயே கொடுத்தாள்.

பூஜை முடிந்தது. சகலை வரவில்லை. வெங்கடாசலம் ரோட்டுக்குப் போய் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"மேடம், கிரேன் இங்க நின்னா ரோட்டுல இறங்கறவங்களுக்கு மறைக்குது. வாசல் பக்கமா தள்ளி நிறுத்துங்க."

"இங்கதாங்க கணக்குப் போட்டு நிறுத்தியிருக்கோம்."

"கேபின்ல உக்காந்திருக்கறவருக்கு நான் சொல்லிக்கறேன். ஜாவீத் பாய்! வண்டியை எடுங்க!"

ஜாவீத் நிர்மலாதேவியைப் பார்த்தார். அவள் பெருமூச்சு விட்டு, "ஜாக்கை மடக்குங்க பாய். ஆனா தரையைப் பார்க்காம நகர்த்தாதீங்க" என்றாள். பிறகு வெங்கடாசலத்திடம் கேட்டாள். "வாசல்ல மண்ணுக்கு அடியில தொட்டி, பள்ளம் ஏதாவது இருக்குதுங்களா?"

"ஒண்ணுமில்லைங்க. கல்லு மாதிரி தரை. நானே கூட நின்னு கட்டினது."

அவள் ஒரு கடப்பாரையை வாங்கி வாசல் ஓடுகளின் மேல் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனாள். டக், டக், டக். நாலாவது இடத்தில் 'டொம்' என்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தட்டினாள். ஓடு உடைந்து கடப்பாரை பாதிவரை உள்ளே போனது.

அப்போதுதான் வெங்கடாசலத்துக்கு ஞாபகம் வந்தது. மண்டபத்துக்கு முன்னால் அந்த இடத்தில் கடலை மில் இருந்தது. மில்லில் வேலை செய்தவர்களுக்குக் கக்கூஸ் இருந்தது. கக்கூஸுக்குத் தொட்டி இருந்தது.

வாசனை கிளம்பியது. வேடிக்கை பார்க்க வந்திருந்த கூட்டம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்சாரிக்குப் போனது. பூசாரி தட்சணை வாங்காமலே சைக்கிளில் ஏறிவிட்டார்.

"இதுமேல கிரேனோட ஜாக்கு ஊணியிருந்தா, சில்லரோட சேர்ந்து கிரேனும் படுத்திருக்குங்க" என்றாள் நிர்மலாதேவி. குரல் உயரவில்லை. ஆனால் கேபினில் ஜாவீத் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

குழியை மூட மண் வண்டி வந்தது. கிரேன் பழைய இடத்திலேயே மறுபடி கால் ஊன்றியது. மணி ஒன்று.

அப்போது போன் வந்தது. "ஊருக்குள்ள வந்துட்டோங்க சகலை. டயர் பஞ்சர். ஒட்டறவன் சாப்பிடப் போயிருக்கானாம், வந்ததும் ஒட்டிட்டு வந்துடறோம்."

"மேடம், தூக்குங்க! இப்பவே தூக்குங்க!" என்று வெங்கடாசலம் ஓடி வந்தார்.

நிர்மலாதேவி கையிலிருந்த சின்னக் கருவியை உயர்த்திப் பிடித்திருந்தாள். அதன் உச்சியில் ஒரு குட்டிக் காற்றாடி படபடவென்று சுற்றியது. "காத்து ஏறிடுச்சுங்க. இனி இறங்கற வரைக்கும் தூக்க முடியாது."

"என்னம்மா காத்து? துண்டுகூடப் பறக்கல!"

"துண்டு கீழ இருக்குதுங்க. சில்லர் நாப்பது அடிக்கு மேல போகணும். அங்க காத்து வேற மாதிரி இருக்கும். காலையில இலைகூட அசையலை. அப்ப மூணு தடவை கேட்டேனுங்களே?"

வெங்கடாசலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சகலை மண்டபத்துக்கு ஏற்றின அன்று இப்படிக் காற்று அடித்திருக்காது என்று நினைத்தார். அந்த மனுஷனுக்குக் காற்றுகூட அனுசரித்துப் போகும்.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உள்ளே போய், அச்சடித்து வைத்திருந்த இருபதடி ஃபிளெக்ஸ் பேனரை எடுத்து வந்தார். 'மாரண்டஹள்ளியின் முதல் குளுகுளு மண்டபம்' என்று போட்டு, பக்கத்தில் அவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி டிரெய்லரில் ஏறினார். சில்லரின் ரோட்டுப் பக்கமாக அதைச் சுருட்டி உள்ளே செருகி, ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு, நூலைத் தொங்கவிட்டார். சகலை வந்ததும் நூலை இழுத்தால் போதும். பேனர் விரிந்துவிடும்.

மூன்றரை மணிக்குக் காற்று அடங்கியது. நிர்மலாதேவி இன்னும் கால் மணி நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுக் கை காட்டினாள். நாலு மூலையிலும் ஆட்கள் கயிற்றைப் பிடித்தார்கள். கிரேன் முனகியது. முதலில் ஓர் அடி மட்டும் தூக்கி நிறுத்தி, சாய்கிறதா என்று பார்ப்பது அவள் வழக்கம்.

அந்த ஓர் அடியிலேயே சுருக்கு அவிழ்ந்தது.

ஃபிளெக்ஸ் சட்டென்று விரிந்தது. எங்கிருந்தோ வந்த ஒரு வீச்சுக் காற்று அதற்குள் புகுந்தது. கும்பிட்ட கையோடு வெங்கடாசலம் பாய்மரம் போல உப்பினார். ஐந்தரை டன் சில்லர் மெல்ல முகத்தைத் திருப்பியது. கயிற்றைப் பிடித்திருந்த நாலு பேரும் செருப்புத் தேய வழுக்கிக்கொண்டு போனார்கள்.

"கயித்தை விடாதீங்க! கிட்ட போகாதீங்க! பாய், இறக்குங்க, மெதுவா!"

ஜாவீத் குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல அதை டிரெய்லரிலேயே இறக்கினார்.

"யாருங்க இதைக் கட்டினது?" என்றாள் நிர்மலாதேவி.

எல்லோரும் பேனரிலிருந்த முகத்தைப் பார்த்தார்கள். அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் ஆகாயத்தைப் பார்த்தார்.

அவள் பேனரை அறுத்துச் சுருட்டி ஓரமாகப் போட்டாள். பிறகு சிவப்பும் வெள்ளையுமான டேப்பைத் தூக்கிப் பிடித்தாள். "சார், வேலை முடியற வரைக்கும் நீங்க இதுக்கு அந்தப் பக்கம்."

"இது என் மண்டபம்மா!"

"மண்டபம் உங்களுதுதாங்க. உள்ள நிக்கற ஆறு பேரு உசுருக்கு நான் பொறுப்பு."

தலையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு வெங்கடாசலம் குனிந்து வெளியே போனார். எதிர்சாரிக் கூட்டம் அவருக்கும் கொஞ்சம் இடம் விட்டது.

சில்லர் மறுபடி எழும்பியது. ஓர் அடியில் நின்றது. நேராக இருந்தது. பிறகு முதல் மாடியைத் தாண்டியது. இரண்டாவது மாடியைத் தொடும்போது, அவர் பின்னால் ஒரு கார் வந்து நின்றது.

மாதவராஜ் இறங்கினார். அண்ணாந்து பார்த்தார். வாய் பிளந்தது.

வெங்கடாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சால்வை, பாயசம், பல் வலி எல்லாம் அந்த ஒரு நொடியில் தீர்ந்தன. "மேடம்! ஒரு அஞ்சு நிமிஷம் அப்படியே நிக்கட்டும்!" என்று கத்தினார்.

நிர்மலாதேவி திரும்பக்கூட இல்லை. அவள் கை காட்டக் காட்ட, சில்லர் மொட்டைமாடியைத் தாண்டி உள்ளே போய், போட்டு வைத்திருந்த இரும்புச் சட்டங்களின் மேல் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. கூட்டம் கை தட்டியது.

"நல்ல சாமானுங்க சகலை" என்றார் மாதவராஜ், கண்ணை மேலிருந்து எடுக்காமலே.

"பெங்களூருங்க" என்றார் வெங்கடாசலம் அலட்சியமாக.

"அப்படிங்களா? ஓட ஓட கொஞ்சம் சத்தம் வரும். மணமேடைக்கு நேர் மேல வராம பாத்துக்குங்க. தாலி கட்டறப்ப மேளமே கேக்காது."

பொறாமை! வெங்கடாசலம் அந்த வார்த்தைகளைக் கற்கண்டு போல வாயில் போட்டுச் சுவைத்தார். எரியட்டும், நன்றாக எரியட்டும். மாதவராஜ் ஏனோ சிரிப்பை அடக்குகிறவர் போல உதட்டைக் கடித்துக்கொண்டு, அமுதவல்லியைப் பார்க்க உள்ளே போனார்.

சகலையின் டிரைவர் மாது மட்டும் காரில் சாய்ந்து மேலேயே பார்த்துக்கொண்டு நின்றான். வெங்கடாசலத்துக்கு இன்னும் ஒரு வாய் பாராட்டுக் கேட்க வேண்டும் போலிருந்தது.

"என்ன மாது, எப்படி ஏத்தினோம், பாத்தியா?"

"அருமையா ஏத்துனீங்கய்யா" என்றான் மாது மனசார. "போன மாசம் எங்க மண்டபத்து மேலருந்து இதை இறக்கினப்ப, இவ்வளவு பதனமா யாரும் இறக்கலீங்க."