முன்கட்டு எனக்கு, பின்கட்டு அண்ணாச்சிக்கு

பாளையங்கோட்டையில் தன் பல்செட்டைத் தவிர வீட்டிலிருந்த அத்தனையையும் ஒத்திக்கு விட்ட ஒரே மனிதர் ஒத்தி அண்ணாச்சிதான். பல்செட் தப்பித்ததுகூட, அது வேறு யார் வாய்க்கும் பொருந்தாது என்பதால்தான். அவருடைய சொந்தப் பெயர் வாசலில் ஒரு தகரப் பலகையில் எழுதியிருந்தது. அதைத் தெருவில் யாரும் வாசித்ததாக எனக்கு நினைவில்லை. தபால்காரர்கூட "ஒத்தி அண்ணாச்சி, தபாலு!" என்றுதான் கூப்பிடுவார்.

ஒத்தி என்றால் எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டுக்காரரிடம் ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிட்டு நாம் குடியேறிக்கொள்ளலாம். நாம் வாடகை தர வேண்டாம், அவர் வட்டி தர வேண்டாம். காலி செய்கிற அன்றைக்குக் கொடுத்த பணம் முழுசாகத் திரும்பி வரும். அதாவது, வர வேண்டும்.

இது வீட்டுக்கு உள்ள ஏற்பாடு. அண்ணாச்சியோ மேசை மின்விசிறியை எதிர்வீட்டுக்கு ஒத்திக்கு விட்டிருந்தார். ஆட்டுரல் மூன்றாவது வீட்டில் இருந்தது. காலஞ்சென்ற மனைவியின் தையல் மிஷின் தெருக்கோடியில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் பத்திரம் உண்டு. மனிதர் முப்பது வருஷம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைப் பார்த்தாலும் நான்கெல்லையோடுதான் அவர் கண்ணுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை தவறாமல் எதிர்வீட்டுக்குப் போய், மின்விசிறி ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று அரைமணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்து பரிசோதிப்பார். காப்பி குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

இந்த மனிதரிடம் போய் நான் மாட்டிக்கொண்டது தொண்ணூறுகளின் நடுவில். எனக்கு இருபத்தைந்து வயது. மாட்டு டாக்டர். சேரன்மகாதேவி தாண்டி ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் வேலை. காலையில் ஒரு பஸ், மத்தியானம் ஒரு பஸ். மாடு கன்று போடுவதற்குப் பஸ் நேரமா பார்க்கும்? ஒரு நாள் நான் போய்ச் சேர்வதற்குள் ஒரு கன்று வயிற்றிலேயே செத்துவிட்டது. மாட்டுக்காரம்மா என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "பஸ்ஸு இல்லையோம்மா?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கே கார் ஓட்டப் படிப்பது என்று முடிவெடுத்தேன்.

படித்தேன். லைசென்ஸ் வந்தது. கார்தான் வரவில்லை. வீட்டில் இருந்தது ஒரே ஒரு தொகை. என் கல்யாணத்துக்கு நகை எடுப்பதற்காக அப்பா வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த பணம் அது. அப்பா கணக்கு வாத்தியார். கார் என்று நான் வாயெடுத்ததுமே கேட்டார்.

"ஏட்டி, காரு வாங்கிட்டா கழுத்துல என்னத்தப் போடுவ? ஸ்டியரிங்கயா?"

ஆனாலும் ஜங்ஷன் பக்கம் ஒரு தரகரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தரகர் ஒரு பழைய காரைக் காட்டினார். "ரெண்டு வருசம் கழிச்சு வித்தா என்ன கெடைக்கும்?" என்று அப்பா கேட்டார். தரகர் வானத்தைப் பார்த்தார். வாங்கினால் பாதி நகை போச்சு. வாங்காவிட்டால் இன்னும் எத்தனை கன்று போகுமோ! வீட்டுக்குத் திரும்பினோம்.

வாசலில் ஒத்தி அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். எங்கள் தெருவில் சேதிக்குக் கால் முளைக்க வேண்டிய அவசியமே இல்லை, அவர் கால்களே போதும்.

"எதுக்கு வாத்தியாரே வெலைக்கு வாங்கிக்கிட்டு? எங்காரு சும்மாதான நிக்குது? ஒத்திக்கு எடுத்துக்கிடுங்க. கல்யாணம் கூடி வந்தா காரக் குடுங்க, பணத்தக் கொண்டு போங்க. சோலி முடிஞ்சு."

கார் இருந்தது உண்மைதான். ஓய்வு பெற்ற பணத்தில் வாங்கியது. முதல் நாளே தானே ஓட்டிப் பார்க்கிறேன் என்று முற்றத்து முருங்கை மரத்தில் கொண்டு மோதினார். அன்றைக்கு நின்ற கார், அதே மரத்தடியில் கம்பளிப்பூச்சிகளுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது.

"காரையா? ஒத்திக்கா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதைவிட, அப்பா மோவாயைத் தடவிக்கொண்டு யோசிக்கத் தொடங்கியதுதான் பெரிய அதிர்ச்சி. "பணம் முழுசாத் திரும்பி வருமாம்ட்டி," என்றார். கணக்கு வாத்தியார் விழுந்துவிட்டார்.

மெக்கானிக் வந்து காரை ஓடவைத்த மறுநாள், பணக்கட்டை எண்ணி, காகிதப் பட்டையில் தொகையைப் பென்சிலால் எழுதிக் கொடுத்தார் அப்பா. அண்ணாச்சி முத்திரைத்தாளில் தன் கைப்படப் பத்திரம் எழுதி, கோயிலில் தேவாரம் பாடுகிற குரலில் வாசித்தார். "கிழக்கே மேற்படியாரின் கிணறு, மேற்கே தெரு, வடக்கே முருங்கை மரம், தெற்கே வெந்நீர் அடுப்பு, இந்த நான்கெல்லைக்குள் அமைந்த கார் ஒன்று..."

"அண்ணாச்சி, காரு நகருமே!"

"நகரட்டும். நகந்துட்டு சாயங்காலம் அங்கனதான வந்து நிக்கணும்?"

அடக் கடவுளே! கார் எங்கள் வீட்டு வாசலில் ஒரு நாள்கூட நிற்காது என்பது அப்போதுதான் விளங்கியது. அவர் நிறுத்தாமல் வாசித்தார். வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டும். "காருக்கா?" என்றேன். "பாலீஷ் போடுங்க, அதான் காருக்கு வெள்ள," என்றார். சுவர் விழுந்தால் வீட்டுக்காரர் பொறுப்பு, பல்பு போனால் குடியிருப்பவர் பொறுப்பு. "இதுல எஞ்சின்தான் செவரு. டயரு பல்பு," என்று விளக்கம் வேறு. அடுத்தது, கால்நடைகளைக் கட்டலாகாது.

"அண்ணாச்சி, நான் மாட்டு டாக்டர்லா?"

"டாக்டரு ஏறலாம். மாடு ஏறப்பிடாது."

இன்னும் என்னென்னவோ வாசித்தார். எனக்குக் கண்ணெல்லாம் சாவிமேல் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மருந்துப் பையோடு முருங்கை மரத்தடிக்குப் போனேன். காருக்குள் ஆள் இருந்தது. பின்சீட்டில், சலவை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, மடியில் குடை, பக்கத்தில் தண்ணீர்க் கூஜா, கையில் பேப்பர் என்று அண்ணாச்சி சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, நான் வேலைக்குப் போணும்."

"போங்க. நான் என்ன மறிச்சேனா?"

"நீங்க எறங்கணும்லா?"

"எதுக்கு எறங்கணும்? பத்திரத்தப் படிச்சுப் பாக்கலியா டாக்டரம்மா? ஒங்களுக்கு முன்கட்டு மட்டும்தான. பின்கட்டு எனக்கு."

எனக்கு மயக்கம் வராத குறை. ஓடிப்போய்ப் பத்திரத்தை எடுத்துவந்து பார்த்தேன். 'மேற்படி காரின் முன்கட்டு மாத்திரம்' என்று முத்து முத்தான எழுத்தில் எழுதியிருந்தது. வீட்டை ஒத்திக்கு விடுகிறவர் முன்கட்டைக் கொடுத்துவிட்டுப் பின்கட்டில் தான் குடியிருப்பது எங்கள் ஊரில் சகஜம்தான். அதைக் காருக்கு எழுதுவார் என்று யார் கண்டது! அப்பாவிடம் சொன்னேன். பத்திரத்தை வாங்கி இரண்டு தடவை வாசித்தார். அப்புறம், "பின்சீட்டுல ஒனக்கு என்னட்டி சோலி?" என்று கேட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து தினமும் நானும் அண்ணாச்சியும்தான். "பைய போங்க, பைய. பின்கட்டு குலுங்குது," என்பார். ஒவ்வொரு வயலைத் தாண்டும்போதும் அது யாரிடமிருந்து யாருக்கு எந்த வருஷம் கைமாறியது என்று பத்திர எண்ணோடு ஒப்பிப்பார். நான் கேட்டேனா? கேட்கவில்லை. கிராமத்தில் நிலைமை இன்னும் மோசம். அந்தப் பக்கம் பெண் கார் ஓட்டி அதுவரை யாரும் பார்த்ததில்லை. முதல் நாள் டீக்கடையே எழுந்து நின்றது.

"பொம்பள டிரைவரு லே! பின்னால இருக்கது பெரிய எடம் போல."

பெரிய இடத்துக்கு நாற்காலி வந்தது, இளநீர் வந்தது. டாக்டரான நான் தோள்வரை கையை மாட்டுக்குள் விட்டுக்கொண்டு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி இளநீரை உறிஞ்சியபடி, "பொண்ணு நல்லாப் பாக்கும்," என்று ஊராருக்குச் சான்று கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நாள் கால் முறிந்த கன்று ஒன்றை உடனே பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. கன்றைத் தூக்கிக்கொண்டு மாட்டுக்காரர் காரருகே நிற்கிறார். கால்நடைகளைக் கட்டலாகாது! நான் பின்கட்டைப் பயத்தோடு பார்த்தேன்.

"என்ன முழிக்கீய? தூக்கி உள்ள வையிங்க," என்றார் அண்ணாச்சி.

"பத்திரத்துல கூடாதுன்னு..."

"அது ஒங்க முன்கட்டுக்கு. பின்கட்டு என்னுதுலா? அங்கன நான் என்னத்தையும் கெட்டுவேன்."

கன்று வழியெல்லாம் அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டு வந்தது. மேலப்பாளையம் வருவதற்குள் அந்தச் சலவை வேட்டியை இரண்டு தடவை நனைத்தது. அவர் அதற்கும் "பைய போங்க" என்று மட்டும்தான் சொன்னார். கன்று பிழைத்தது. ஒரு வாரத்துக்கு அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. எனக்குச் சாத்தான்குளத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மாப்பிள்ளையாக அமைந்தார். வெள்ளிக்கிழமை நகை எடுப்பது என்று பேச்சு. செவ்வாய்க்கிழமை நானும் அப்பாவும் போய் அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னோம். மாப்பிள்ளை பெயர், தெரு, பள்ளிக்கூடம் எல்லாம் விசாரித்தார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் போனால் வீடு பூட்டியிருந்தது. கார் மரத்தடியில் நின்றது, ஆளைக் காணோம்.

சாயங்காலமும் பூட்டு. வியாழக்கிழமையும் பூட்டு. எதிர்வீட்டுக்காரர் அண்ணாச்சியின் மின்விசிறிக் காற்றில் உட்கார்ந்துகொண்டே, "ஒத்திப் பணம் என்னைக்கு வாத்தியாரே நேரத்துக்கு வந்திருக்கு? அவ்வளவுதான், போச்சு!" என்று தைரியம் சொன்னார். அப்பா இரண்டு நாளாகச் சோறு சாப்பிடவில்லை. இருபது வருஷச் சேமிப்பு! "எல்லாம் என் புத்தியச் செருப்பால அடிக்கணும்," என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. கார் ஆசை பிடித்து அலைந்தவள் நான்தானே.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அண்ணாச்சி மஞ்சள் பையோடு வாசலில் நின்றார். கசங்கிய வேட்டி, இரண்டு நாள் தாடி.

"எங்க வே போனீரு?" அப்பா கத்தியே விட்டார்.

"சாத்தாங்குளத்துக்கு."

"அங்கன ஒமக்கு என்ன சோலி?"

"மாப்பிள்ளைக்கு வில்லங்கம் பாக்கதுக்கு. சின்ன எடம்னாலும் வில்லங்கம் பாக்காம எப்படி வாத்தியாரே முடிக்கது? ரெண்டு நாளு அவிய தெருவுலதான் கெடந்தேன். பள்ளிக்கூடத்துல விசாரிச்சேன், பலசரக்குக் கடையில விசாரிச்சேன், முடிவெட்டுதவன்ட்ட விசாரிச்சேன். பையன் தங்கம். வில்லங்கம் ஒண்ணுங் கெடையாது. அவுக அம்மாதான் கொஞ்சம் சத்தமாப் பேசுதாவ. அது போகப் போகச் சரியாயிரும்."

நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். அவர் பையிலிருந்து பணக்கட்டை எடுத்து மேசையில் வைத்தார். அப்பா அதைக் கையில் எடுத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். காகிதப் பட்டை கிழியவில்லை. அதன்மேல் அப்பாவின் பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. ஒன்றரை வருஷமாக ஒரு தாளைக்கூட அவர் உருவவில்லை.

"அண்ணாச்சி, இதத் தொடவே இல்லியா?" என்றேன் நான்.

"அடுத்தவிய பணம்லா. தொட்டா எப்படித் திருப்பிக் குடுக்க?"

"அப்ப எதுக்குக் கார ஒத்திக்கு விட்டீய?"

அண்ணாச்சி கூஜா இல்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல நின்றார்.

"வீட்டுல தனியாக் கெடந்து எத்தன நாளுதான் செவத்தப் பாக்க? அதுக்காவ, வேலைக்குப் போற புள்ளைட்ட தெனமும் போயி, என்னையும் ஏத்திக்கிட்டுப் போம்மான்னு கேக்க முடியுமா வாத்தியாரே? பத்திரத்துல பாத்தியதை இருந்தா கேக்க வேண்டாம்லா."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் கார் சாவியை மேசையில் வைத்தேன். அண்ணாச்சி பத்திரத்தின் பின்பக்கத்தில் 'பற்று தீர்ந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சாவியை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு படியிறங்கினார். எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணாச்சி, நாளைக்கு ஆறு மணிக்கு வாரேன். கெளம்பி இருங்க."

திரும்பிப் பார்த்தார். "பத்திரந்தான் முடிஞ்சு போச்சே. இனி என்ன பாத்தியதை?"

"நான் கூப்பிடுதேன்லா? அது போதாதா?"

ஒன்றரை வருஷமாக என்னை அதிர்ச்சியில் ஆழ்த்திய மனிதர் அன்றைக்கு ஆடிப்போய் நின்றார். பல்செட் தெரிய வாய் திறந்திருந்தது.

கல்யாணத்துக்கு முப்பத்தாறு நாள் இருந்தது. முப்பத்தாறு நாளும் பத்திரமில்லாமல் போய்வந்தோம். அதற்கப்புறம் நான் மூன்று கார்கள் வாங்கிவிட்டேன், எல்லாம் விலைக்குத்தான். அண்ணாச்சி போய்ப் பல வருஷம் ஆகிறது. முன்கட்டு, பின்கட்டு எல்லாமே இப்போது எனக்குத்தான் சொந்தம். ஆனாலும் தனியாகக் கார் ஓட்ட எனக்கு இன்னும் பழகவில்லை.